மறைக்கும் உரிமையும் பொய்யுரைக்கும் உரிமையும்

அரசு தன் கண்காணிப்பு முறைகளுள் சிலவற்றை மறைத்து வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டாலும், அவற்றைப் பற்றி மக்கள் முன் பொய் கூறவும் அதற்கு உரிமை உண்டா என்பது வேறு வினா. அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டு வெளிப்பட்ட முரண்பட்ட கூற்றுகள் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பின.

அவ்வாண்டு மார்ச் 12 அன்று செனட்டின் உளவுக் குழு நடத்திய பொது விசாரணையில், பல கோடி அமெரிக்கர்களைப் பற்றிய ஏதேனும் ஒரு வகைத் தரவைத் தேசியப் பாதுகாப்பு முகமை திரட்டுகிறதா என்று செனட்டர் ரான் வைடன் வினவியபோது, தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் இல்லை என்றும், அறிந்தே திரட்டுவதில்லை என்றும் விடையளித்தார். ஜூன் தொடக்கத்தில், அம்முகமைக்கு ஒப்பந்தப் பணியாளராக இருந்த எட்வர்டு ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களுள் ஓர் இரகசிய நீதிமன்ற ஆணை இருந்தது. வெரைசான் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகளை, அதாவது பேச்சை அன்றி, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு எப்போது எவ்வளவு நேரம் அழைப்பு சென்றது என்னும் விவரங்களை, நாள்தோறும் அம்முகமையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அது பணித்திருந்தது. கிளாப்பர் முதலில், இயன்றவரை பொய்ம்மை குறைந்த விடையையே தாம் அளித்ததாகக் கூறினார். பின்னர் அவ்விடை தவறானது என்று செனட் குழுவுக்குக் கடிதம் எழுதி, தொடர்புடைய சட்டப் பிரிவு அப்போது தம் நினைவுக்கு வரவில்லை என்றார். ஆராய்ந்து தேர்ந்த விடையும் மறதியால் நேர்ந்த விடையும் ஒன்றாக இருத்தல் இயலாது என்பதால், இவ்விரு விளக்கங்களையும் ஒருசேர ஏற்பதற்கு வழியில்லை.

பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் அடிப்படை நெறி வெளிப்பட அறிவிக்கப்படுவதைத் தாங்காதாயின் அச்செயல் நீதியற்றது என்பது, மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1795இல் வெளியிட்ட நிலையான அமைதி பற்றிய நூலில் முன்வைத்த அளவுகோல். எவருடைய தொலைபேசி கண்காணிக்கப்படுகிறது என்பதை மறைப்பதற்கு இவ்வளவுகோல் தடையாகாது. ஏனெனில் குற்ற விசாரணையில் அத்தகைய மறைவு உண்டு என்பதை எல்லோரும் அறிந்தே ஏற்றுள்ளனர். குற்ற ஐயமே இல்லாத அனைவருடைய பதிவுகளையும் திரட்டலாம் என்னும் பொது நெறியையே மறைப்பது அவ்வாறன்று, அது சட்டத்துக்கு இசைவளிக்கும் குடிமகனிடமிருந்து அச்சட்டத்தின் பொருளையே பறித்துவிடுகிறது.

குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் குறளின் விதிவிலக்கை அரசின் சார்பில் எடுத்துக்காட்டலாம். நாட்டின் பாதுகாப்பு மெய்யாகவே பெரு நன்மை என்பதால் இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனினும் அவ்விலக்குக்கு நன்மை விளைவது மட்டும் போதாது, அது குற்றமற்றதாகவும் இருத்தல் வேண்டும். அதனைப் பொய் கூறியவரே மறைவில் அமர்ந்து முடிவுசெய்தால் விலக்கு என்பதே எல்லையற்றதாகிவிடும். பொய் வெளிப்பட்ட பின்னரே பிறர் அந்நன்மையை அளந்து பார்க்க முடிந்தது. தனியுரிமை, குடியுரிமைகளுக்கான அமெரிக்க மேற்பார்வை வாரியம் 2014 ஜனவரியில், பயங்கரவாத விசாரணை ஒன்றின் முடிவைக்கூட அழைப்புப் பதிவுகளைத் திரட்டிய இத்திட்டம் குறிப்பிடத்தக்க வகையில் மாற்றியதற்குச் சான்று இல்லை என்று அறிவித்தது. 2015 மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, இத்திரட்டலுக்குச் சட்டம் இடமளிக்கவே இல்லை என்று தீர்ப்பளித்தது.