புதுத் துணியும் அனுமானமும்
பூல் மேசையில் புதுத் துணி போட்டதும் பந்துகள் நெடுந்தூரம் ஓடுகின்றன. உராய்வு குறைவதால், அடிபட்ட பந்து உருளத் தொடங்குமுன் வெகுதூரம் வழுக்கிச் செல்கிறது. பின்சுழற்சி எளிதில் அழிவதில்லை. விளிம்பில் மோதித் திரும்பும் கோணமும் விரிகிறது. பழைய துணியில் கை பழகிய கணக்கு தப்புகிறது. மழைக்குப் பெயர்போன மலேசிய நகரான தைப்பிங்கில் காற்றின் ஈரம் துணியில் ஏறினால் அதே மேசை மறுபடியும் மந்தமாகும்.

1748இல் தத்துவஞானி டேவிட் ஹியூம் காரணகாரியத்தை ஆராய எடுத்துக்கொண்டதும் பில்லியர்ட்ஸ் பந்துகளையே. மோதல் தெரிகிறது, கட்டாயம் தெரிவதில்லை. எதிர்பார்ப்பைத் தருவது பழக்கமே என்றார். இந்தியத் தருக்கப் பள்ளியான நியாய மரபின் விடை இதைவிட நுட்பமானது. நெருப்புள்ள இடமெல்லாம் புகை எழுவதில்லை. ஈரவிறகும் சேர வேண்டும். இந்த மறைந்த நிபந்தனையே உபாதி. மேசைத் துணியும் அப்படித்தான்: ஆட்டக்காரரின் அனுமானம் பொய்த்தது காரணம் இல்லாததால் அன்று, நிபந்தனை கண்ணில் படாததால்.

எல்லா உபாதிகளையும் களைந்துவிட்டதை எவ்வாறு அறிவது என்பது அனுமானத்தை ஏற்காத சார்வாகரின் கேள்வி. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. செயலோடு முரண்படும் இடத்தில் ஐயம் நின்றுவிடும் என்றார் நியாய மரபின் உதயனர். புதுத் துணியில் ஆடுபவரும் சில மெல்லிய அடிகளால் மேசையை அளந்துகொண்டு ஆட்டத்தைத் தொடங்குகிறார்.