ரசம் போன கண்ணாடி போதும்



நம் ஊர்ப் பனிக்காலத்தைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ள அதிகமில்லை. விடியற்காலையில் இருபது டிகிரிக்கு இறங்கினாலே ராயபுரத்தில் மங்கி குல்லாய் வெளியே வந்துவிடும். ஆனாலும் மார்கழி மார்கழிதான். வெயிலோடும் வேர்வையோடும் மல்லுக்கட்டியே பழகிய உடம்பு இந்தச் சில வாரங்களில்தான் நம்மைக் கொஞ்சம் சும்மா விடுகிறது. நாம் எப்படித்தான் இருக்கிறோம் என்று உள்ளே திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது.

தோன்றியதும் என்ன செய்கிறோம்? திருவண்ணாமலைக்கு டிக்கெட் போடுகிறோம். ஏற்காட்டில் அறை கிடைக்குமா என்று விசாரிக்கிறோம். ராத்திரி முழுக்க கன்டெய்னர் லாரி வரிசைகட்டி நிற்கிற இந்த ராயபுரம்-எண்ணூர்ச் சாலையோரத்தில் அமைதியாவது ஒன்றாவது என்று ஓர் அலுப்பு.

ஆனால் வள்ளலார் இங்கேதானே இருந்தார்! கருங்குழியும் வடலூரும் அப்புறம்தான். 1858 வரை அவர் சென்னைவாசி. ஏழுகிணறு வீராசாமி தெருவில் அண்ணன் சபாபதியின் வீடு. பள்ளிக்கூடம் போகாமல் கோயில் கோயிலாகச் சுற்றுகிற தம்பி. கோபம் வந்த அண்ணன், இவனுக்குச் சோறு போடாதே என்றார்; அண்ணி மறைத்து வைத்துப் போட்டார். படிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு மாடியறையைக் கேட்டு வாங்கிய தம்பி அங்கே செய்த முதல் காரியம், சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டியது. எதிரில் விளக்கு, கொஞ்சம் பூ. கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். அதில் தணிகை முருகன் காட்சி தந்தான் என்று அவர் வரலாறு சொல்கிறது.

எனக்கு இதில் மனசு நிற்கிற இடம் வேறு. முருகன் வருகிறவரைக்கும் அந்தக் கண்ணாடியில் அந்தப் பையனின் முகம்தானே தெரிந்திருக்கும்? எத்தனை நாழிகை தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்! நம்மால் ஐந்து நிமிஷம் முடியுமா? தலை வாரி முடித்ததும் விலகிவிடுகிறோம்.

அந்த வீட்டிலிருந்துதான் வள்ளலார் திருவொற்றியூருக்கு நடையாய் நடந்தார். ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். அது ஒன்றும் ஆளரவமில்லாத காட்டுவழி இல்லை. ஜார்ஜ் டவுன் அன்றைக்கும் வியாபாரக் கூச்சல்தான். அவர் இங்கே இருக்கும்போதே, 1856-ல், ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. கப்பல் வணிகத்தை உதறிவிட்டு வந்த பட்டினத்தாரும் இதே கரையில்தான் அடங்கினார் என்கிறார்கள். சமாதிக் கோயில் திருவொற்றியூர்க் கடலோரத்தில் இருக்கிறது, இன்றைக்கும் பக்கத்துச் சாலையில் லாரி ஓடுகிறது.

வள்ளலார் நடந்து போன திருவொற்றியூர்க் கோயிலில் ஆதிபுரீஸ்வரருக்கு வருஷம் முழுக்கக் கவசம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கழற்றுவார்கள். புனுகு சாம்பிராணித் தைலக் காப்போடு சுயரூபம் பார்க்கலாம். அந்த மூன்று நாளும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வரிசையில் நிற்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! நல்லதுதான். நமக்கும் ஒரு கவசம் இருக்கிறது. கம்பெனியில் சூப்பர்வைசர், சங்கத்தில் செயலாளர், வீட்டில் அப்பா, சம்பந்தி வீட்டில் முறைப்பான மாமனார். சாமிக்காவது மூன்று நாள். நாம் நமக்குக் கழற்றுவது என்றைக்கு?

இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்வார்கள்: கண்ணை மூடுங்கள், மூச்சை ஆழமாக இழுங்கள் என்று. எண்ணூர்க்காரரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2023 டிசம்பர் 26 இரவு, இதே மார்கழியில், கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பனி இறங்கிய காலையில் புகை மேலே போகாது, வாசலிலேயே நிற்கும். காற்றைச் சுத்தமாக வைத்திருப்பது ஆலைகளின் பொறுப்பு, அரசாங்கத்தின் பொறுப்பு. அதை நம் தியானத்தின் தலையில் கட்டக்கூடாது.

அதனால் மூச்சுப் பயிற்சியை விட்டுவிடுவோம். கண்ணாடியைப் பிடித்துக்கொள்வோம். வள்ளலாரே அதைக் கடைசிவரை விடவில்லை. 1872 தைப்பூசத்தில் வடலூரில் சத்திய ஞான சபையைத் தொடங்கியபோது, ஏழு திரைகளுக்குப் பின்னால் அவர் வைத்தது ஒரு விளக்கும் ஒரு கண்ணாடியும்.

நம் வீட்டிலும் ஒன்று உண்டு. ஜன்னல் பக்கத்தில் ஆணியில் தொங்கும். ஓரத்தில் ரசம் போயிருக்கும். மூலையில் ஒட்டுப்பொட்டு இரண்டு. அது போதும். சவரம் செய்துகொள்ளும்போதோ பொட்டு வைக்கும்போதோ போனைத் தள்ளி வைத்துவிட்டு, நேற்றைய நாளைப் பற்றி அந்த முகத்திடம் கேளுங்கள். யாரிடம் தேவையில்லாமல் சத்தம் போட்டோம்? எதைச் சொல்லாமல் விழுங்கினோம்? எதற்காகச் சிரித்தோம்? பதில் உடனே வராது. வராவிட்டாலும் இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இப்போது நேரமாகிவிட்டது, கிளம்புங்கள். நாளைக்குப் பத்து நிமிஷம் முன்னதாக எழுந்திருங்கள்.