களைப்பு ஒரு குற்றமா?

உழைப்பைப் போற்றக் கற்ற நாம், களைப்பை மதிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. காயப்பட்டவனிடம் கட்டு இருக்கிறது. காய்ச்சற்காரனின் உடலிற் சூடு இருக்கிறது. களைத்தவன் எதைக் காட்டுவான்? 'பார்த்தால் ஒரு வருத்தமும் இல்லாதவர் போலத்தானே இருக்கிறீர்கள், மாஸ்டர்' என்று ஆறு ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். அவ்வாக்கியத்தில் அன்பு பாதி, ஐயம் பாதி.

என் இதயத்தின் சோணையறைகள் ஒழுங்காகச் சுருங்குவதில்லை. ஏற்றியல் பிப்ரிலேஷன் என்பது நோயின் பெயர். நிமிடத்துக்கு 300க்கும் மேற்பட்ட மின்தூண்டல்கள் தாறுமாறாக எழுவதால் அவ்வறைகள் நடுங்கிக்கொண்டிருக்கின்றன. தூண்டல்களில் ஒரு பகுதி மட்டும் கீழுள்ள இதயவறைகளைத் தாளந்தப்பி எட்டுகிறது. சுகதேகிக்கு, இதயவறை நிரம்புவதில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் சோணையறையின் இறுதிச் சுருக்கமே தருகிறது. அந்தத் துணையை இழந்த இதயம் படிக்கட்டில் நம்மைக் கைவிடுகிறது. துடிப்பின் வேகத்தை அடக்கும் மருந்துகள் சிலவும் சோர்வைத் தரவல்லன. அதற்காக அவற்றைத் தாமாகவே நிறுத்துவது பேதைமை. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு. இரத்தச்சோகை, தைரொயிட் கோளாறு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படல் என வேறு காரணங்களும் பின்னால் ஒளிந்திருக்கக்கூடும்.

எஞ்சியது சிக்கனம். கையில் உள்ள பலத்தைக் காலையிலேயே எண்ணிப் பார்க்கிறேன். குளிப்பதும் சந்தைக்குப் போவதும் ஒரே பொழுதில் இல்லை. களைத்தபின் இளைப்பாறுவதல்ல, களைக்குமுன் இளைப்பாறுவதே பயனுடையது. இதைக் கற்க எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. முற்றாகப் படுத்துவிடுவதும் தவறு. அளவான நடை பலத்தைக் கூட்டவே செய்கிறது. ஆனால், பிறர் வேலை செய்ய நான் சாய்வு நாற்காலியில் இருக்கும்போது எழும் வெட்கத்துக்கு ஒரு மருந்தும் எழுதித்தரப்படவில்லை.

அவ்வெட்கம் எங்கிருந்து வந்தது? 1984இல் மலையகப் பாடசாலையொன்றில் நான் கற்பித்தபோது, லயத்திலிருந்து வரும் சிறுவனொருவன் முற்பகலிலேயே மேசையில் தலைசாய்த்துவிடுவான். சோம்பேறி என்று முழங்காலில் நிறுத்தினேன். உழைக்கும் வர்க்கத்தின் பிள்ளைக்கு உழைப்பின் மேன்மையைக் கற்பிப்பதாகவே எண்ணம்! மூட்டுவாதக் காய்ச்சலால் அவன் இதய வால்வு பழுதுபட்டிருந்ததென்று பின்னரே அறிந்தேன். நெருக்கமான குடியிருப்புகளில் தொண்டைப்புண்ணாகத் தொடங்குவது அந்நோய். சில வாரங்களுக்கொரு பெனிசிலின் ஊசி அது மீண்டும் வராமற் காக்கும். இருகூர் வால்வு சுருங்கிப்போனால், பல ஆண்டுகளின்பின் அவ்விதயத்தின் சோணையறைகளும் என்னுடையவற்றைப் போலவே நடுங்கத் தொடங்கலாம்.

சோம்பேறி என்பது எசமானனின் சொல். தோட்டத்துரையும் கங்காணியும் வழங்கிய அச்சொல்லை, அவர்களை எதிர்த்த நாமும் வாய்மாற்றிக்கொண்டோம். கார்ல் மார்க்ஸின் மருமகனும் மருத்துவம் பயின்றவருமான போல் லபார்க், 1880இலேயே சோம்பலுக்கான உரிமையைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அந்த நகைச்சுவையின் கூர்மையை என் தலைமுறை இடதுசாரிகளிற் பலர் இரசிக்கவில்லை, நானும் இரசிக்கவில்லை. 1948இன் மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை ஓய்வை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியது. ஆயினும், நான் காலையில் எண்ணிச் செலவிடும் சிக்கனத்துக்குப் பின்னால் ஓய்வூதியம் இருக்கிறது. கொழுந்து நிறுவையில் குறைந்தால் அரைப்பேர் என்று எழுதப்படும் பெண்ணுக்கு இதே நோய் வந்தால், 'களைக்குமுன் இளைப்பாறு' என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

அச்சிறுவன் இருக்கிறானா என்று தெரியாது. இருந்தால் ஐம்பதைக் கடந்திருப்பான். நூலகப் படிகளில் மூன்றாவதில் நான் உட்காரும்போது, மேலே போகிறவர்கள் சிலர் திரும்பிப் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் பாதணியின் நாடாவைக் கட்டுவதுபோலக் குனிந்துகொள்வேன். இப்போது அப்படிச் செய்வதில்லை.