அடுத்தவர் இருட்டு

டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டாக மடித்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டச் சொன்னார் எங்களை அழைத்துப்போனவர். செல்போன் பையின் அடிக்குப் போக வேண்டும். கேமராவில் மினுக்கும் கடுகளவு விளக்கின் மேல்கூடக் கறுப்பு டேப். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு மேலே, மாசி அமாவாசையை ஒட்டிய இரவு அது. நட்சத்திரப் படம் எடுக்கப் பழக வந்திருந்தோம். பாதிப் பேருக்கு முக்காலியை விரிக்கவே அன்றுதான் கைவந்தது.

சாமை அறுத்த நிலத்தில் கேமராக்களை நிறுத்தினோம். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் உதவாது. சிரியஸ் நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, லென்ஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, அது ஆகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் டேப் ஒட்டிவிட வேண்டும். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்வதால் ஷட்டரை நினைத்த நேரம் திறந்து வைக்க முடியாது. 500ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் வருகிற நொடிகள்தான் கணக்கு. 20 மி.மீ. லென்ஸுக்கு 25 நொடி. மீறினால் நட்சத்திரம் கோடாக இழுபடும். இவையெல்லாம் சீக்கிரமே பிடிபட்டுவிட்டன. வெளிச்சத்தை அடக்கி வைப்பதுதான் பிடிபடவில்லை.

பத்து மணி வாக்கில் ஓர் இளைஞர் தண்ணீர் பாட்டில் எடுப்பதற்காகக் கார் ரிமோட்டை அழுத்தினார். இண்டிகேட்டர்கள் நான்கும் இரண்டு முறை மின்னி அணைந்தன. ஓரியன் மேற்கே இறங்கத் தொடங்கியிருந்த நேரம். எல்லாக் கேமராக்களும் அந்தப் பக்கம்தான் திறந்திருந்தன. படத்தில் வேலிமுள்ளும் பாறையும் ஆரஞ்சாகப் பளபளத்தன. நட்சத்திரங்களைத் தேட வேண்டியிருந்தது.

“ஒரு செகண்டுதானே சார்!”

“இருபது செகண்டுல வானம் குடுத்ததவிட உன் கார் ஒரு செகண்டுல குடுத்தது அதிகம், தம்பி.”

யாரும் அவரைத் திட்டவில்லை. ஆனால் கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். எல்லோரும் மறுபடி முதலிலிருந்து காத்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பில்தான் யோசித்தேன். சத்தம் அடுத்தவருக்குத் தொந்தரவு, புகை தொந்தரவு என்றெல்லாம் சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். வெளிச்சத்தைப் பற்றி அப்படி ஒருவரும் சொன்னதில்லை. விளக்கு எப்போதும் புண்ணியக் கணக்கில்தான் வரும். (கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ என்று பெயரெழுதிப் பாதி வெளிச்சத்தை மறைத்தவரைக் காலமெல்லாம் கிண்டல் செய்தோம். யோசித்தால், வெளிச்சத்தைக் கட்டுப்படுத்திய ஒரே கொடையாளி அவர்தான்.) என் வீட்டு விளக்கு என் உரிமை, அது எதிர்வீட்டுப் படுக்கையறைச் சுவரில் விடிய விடிய விழுந்தால், அதை ஒரு குற்றமாக நினைக்க நமக்குப் பழக்கமில்லை.

அந்தப் பழக்கம் வானத்தை என்ன செய்தது என்பதற்குச் சென்னையே சாட்சி. நுங்கம்பாக்கத்தில், இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில், 1792 முதல் வானாய்வகம் இயங்கியது. அங்கிருந்தபடி நார்மன் போக்சன் 1861இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஏசியா’ என்று பெயர் வைத்தார். இன்று அதே இடத்தில் இரவில் நின்றால் நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வானியலாளர் வைணு பாப்பு 1960களில் இருட்டான இடம் தேடி, வானாய்வகத்துக்காகத் தேர்ந்தெடுத்த காவலூர், நாங்கள் நின்ற இதே மலையில்தான் இருக்கிறது. யுரேனஸின் வளையங்கள் 1977இல் வெளிப்பட்டபோது காவலூர்த் தொலைநோக்கியும் அதைப் பதிவு செய்தது. எங்கள் படங்களின் கீழ்விளிம்பிலோ மேற்கே திருப்பத்தூர், வடமேற்கே வாணியம்பாடி என்று இரண்டு மங்கிய விடியல்கள். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத அந்த வெளிச்சத்தைக் கேமரா ஒளிக்காமல் காட்டியது.

இதையெல்லாம் நான் பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தபோது, எங்களுக்குத் திண்ணை கொடுத்த வீட்டு அம்மா கட்டங்காப்பி டம்ளரை நீட்டியபடி சிரித்தார். “எங்க மேட்டுக்கு ஒரு லைட்டு கேட்டு மனு குடுத்து அலையுறோம். பாம்பு நடமாட்டம். நீங்க காசு குடுத்து இருட்டப் பாக்க வர்றீங்க.”

அவர் சொன்னதற்கு வானியல் பதில் கிடையாது. ஏழு மணிக்கு மேல் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துவரும் பெண்ணிடம் போய்ப் பால்வீதியின் அழகைப் பேசுகிறவன் அசடு. ஆனால் அந்த அம்மா கேட்பது காலடிக்கு வெளிச்சம். நகரத்தில் நாம் போட்டு வைத்திருப்பது வேறு. நான்கு திசையிலும் கண்ணில் குத்துகிற அந்த வெள்ளை விளக்கு, தனக்குப் பின்னால் நிற்கும் ஆளைக் காட்டாமல் மறைக்கும். மணலில் பொரிந்து கடலுக்குப் போக வேண்டிய ஆமைக்குஞ்சுகளைச் சென்னைக் கடற்கரையில் சாலைப் பக்கம் இழுப்பதும் அத்தகைய விளக்குகள்தான்.

லடாக்கின் ஹன்லே கிராமங்களில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2022இல் இருள்வான் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்கே வீடுகளில் விளக்கு எரியாமல் இல்லை. ஜன்னலுக்குத் தடித்த திரை, வெளிவிளக்குக்கு மூடி என்று வெளிச்சத்தை வேண்டிய இடத்தில் மட்டும் விழவைக்கிறார்கள். அந்தக் கிராமத்து இளைஞர்களே பயிற்சி பெற்று, தொலைநோக்கி வைத்து, வருகிறவர்களுக்கு வானம் காட்டுகிறார்கள். எங்களுக்குக் காப்பி கொடுத்த அம்மாவின் மனுவும் எங்கள் கேமராவும் ஒன்றுக்கொன்று எதிரியாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு எனக்கு இந்த ஒரு சான்று போதும்.

அடுத்தமுறை வாசல் விளக்கை மாற்றும்போது எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்: மேலே மூடி இருக்க வேண்டும், முகம் தரையைப் பார்த்து இருக்க வேண்டும். பால்வெள்ளைக்குப் பதில் மஞ்சள் பல்பு கேளுங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. மாட்டிய பிறகு எதிர்வீட்டு மாடிக்கு ஏறி, அவர்கள் படுக்கும் இடத்தில் நின்று உங்கள் விளக்கை ஒருமுறை பாருங்கள்.