முத்திரையும் தேய்மானமும்

ஒரு பொருளை ‘இது இன்னது’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? பிறப்பைப் பார்த்துச் சொல்வதா, பட்ட பாட்டைப் பார்த்துச் சொல்வதா? தத்துவ வகுப்புக்கான கேள்வி மாதிரி தெரியலாம். ஆனால் காயலான் கடைத் தராசுக்கு முன்னால் தினமும் நடக்கிற விவகாரம் இது.

மீஞ்சூருக்கு மேற்கே சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை அங்கே உண்டு. 1950-களில் தொடங்கி, இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் புதிய தடம் வரும்வரைக்கும் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் அந்த ஓடுபாதையில்தான் நடந்தன. கோண்டல் அரச குடும்பத்தவர் ஓட்டினார், விஜய் மல்லையா ஓட்டினார் என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. அந்த வண்டிகளுக்கு அடியில் படுத்து எண்ணெய் குடித்த கைகளில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

அந்தக் காலத்துப் பந்தய எஞ்சினின் உதிரிபாகம் ஒன்று பழைய இரும்போடு வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கனெக்டிங் ராடு. எடைக்குப் போட்டால் டீச்செலவுக்கு ஆகும். இன்ன எஞ்சினுடையது என்று நிரூபித்துவிட்டால் விலையே வேறு. எப்படி நிரூபிப்பது?

முதலில் எண்ணைத் தேடுவார்கள். எண்ணில் இரண்டு வகை. அச்சிலிருந்தே எழும்பி நிற்கிற எண் ஒன்று. அது அச்சுக்குரியது. அந்த அச்சில் பிறந்த அத்தனை ராடுக்கும் அதே எண்தான். இந்த ஒரு ராடு என்ன செய்தது என்பதை அது சொல்லாது. இன்னொன்று பட்டறையில் குத்துகிற எண். ராடும் அதன் கீழ்மூடியும் ஒன்றாகக் கடையப்பட்டவை; ஜோடி மாறிவிடக் கூடாதென்று இரண்டிலும் ஒரே எண்ணைக் குத்துவார்கள். இது வேலை செய்தவன் வைத்த அடையாளம்.

அடுத்தது மரை. பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை. பின்னால் வந்த யூனிஃபைடு மரைக்கும் மெட்ரிக் மரைக்கும் 60. கேஜ் வைத்துப் பார்த்தால் தெரியும். கை பழகினவர் கேஜ் இல்லாமலே ஒரு நட்டை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்து, “இது பழைய இங்கிலீஷ் மரைப்பா” என்று சொல்லிவிடுவார்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது தேய்மானம். பந்தயத்துக்கு எடுத்த ராடை மேலெல்லாம் மெருகேற்றுவார்கள். சின்னக் கீறலிலிருந்துதான் விரிசல் கிளம்பும் என்பதால் அந்தக் கவனம். நான்கு ராடும் ஒரே எடைக்கு வரும்வரை ராவி ராவிக் குறைப்பார்கள். ஆக, சாதாரணக் காருக்குப் பிறந்த ராடைப் பந்தய ராடாக்குவது அரம் பிடித்த கை. அதன் பிறப்பில் பந்தயம் எதுவும் இல்லை.

எஞ்சினுக்கும் இதேதான். கவென்ட்ரி கிளைமாக்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி 1950 வாக்கில் எடை குறைந்த ஓர் எஞ்சினைச் செய்தது. தீயணைப்புக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடுகிற தண்ணீர் பம்புக்காகச் செய்தது. அதையே திருத்தி, 1098 சி.சி. அளவில் எஃப்.டபிள்யூ.ஏ. என்று பெயர் வைத்து, 1954-இல் லெ மான் பந்தயத்தில் இறக்கினார்கள். பிறகு லோட்டஸ், கூப்பர் கார்களிலெல்லாம் அது ஓடியது. இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ‘நீ தண்ணி பம்புதானே, தள்ளி நில்லு’ என்று யாரும் அதைச் சொல்வதில்லை. இரும்புக்குக் கிடைக்கிற நியாயம் இது. மனுசனுக்கு எங்கே கிடைக்கிறது?

இதே சேகரிப்பாளர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. வெளிநாட்டுச் சாமான் எளிதில் வராத காலத்தில் உள்ளூர் லேத்துப் பட்டறைகளில் எத்தனையோ பாகங்களைக் கடைந்து போட்டார்கள். அவற்றில் கம்பெனி முத்திரை இருக்காது. பந்தயம் முழுக்கத் தாங்கியிருந்தாலும் அது ‘டூப்ளிகேட்’. முத்திரையோடு அட்டைப் பெட்டியிலேயே தூங்கிய பாகம் ‘ஒரிஜினல்’. உழைத்ததற்கு மதிப்பில்லை, உழைக்காமல் கிடந்ததற்குக் கௌரவம். இந்தக் கணக்கை நாம் எங்கேயோ பார்த்த மாதிரி இல்லையா?

தூரம் போக வேண்டாம். பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ முறை இருக்கிறது. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரிக்கிறார்கள். தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு என்ற அளவில் நல்லதுதான். ஆனால் வழக்கப்படி அந்தச் சீட்டில் பெயர் வர முதல் தகுதி பட்டினவர் குப்பத்தில் பிறந்திருப்பது. சேற்றில் கைவிட்டுத் துழாவி இறால் பிடிக்கிற தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் அதில் இடமில்லை. கண்ணுக்குத் தெரியாத இறாலை விரல் நுனியால் கண்டுபிடிக்கிற அறிவும், மரையைத் தொட்டுச் சொல்கிற அறிவும் ஒரே அறிவுதான். இரண்டுக்கும் பட்டா கிடையாது.

இங்கே ஒருத்தர் குறுக்கே கேட்பார்: “நீங்களும் சாதிச் சான்றிதழைத்தானே நீட்டுறீங்க? அதுவும் பிறப்பு முத்திரைதானே?” மாணவர் விடுதிகளிலும் அலுவலகங்களிலும் நம் பிள்ளைகளின் வாயை அடைக்கிற கேள்வி இது. தலைகுனிய வேண்டியதில்லை, பதில் இருக்கிறது.

முத்திரை வேறு, தேய்மானம் வேறு. சாதி என்பது அச்சு எண். ஒருத்தன் என்ன செய்தான், எதைத் தாங்கினான் என்று எதுவும் சொல்லாமலே அவன் விலையை எழுதிவிடுகிறது. சான்றிதழ் அந்த எண்ணைப் பெருமைக்காகக் காட்டவில்லை. அந்த எண்ணின் பேரால் தலைமுறை தலைமுறையாக ஏற்றிய பாரத்தையும், அதனால் உண்டான தேய்வையும் பதிவு செய்கிறது. எந்த ராடு எவ்வளவு தேய்ந்தது என்று பார்க்காமல் எஞ்சினைச் சரிசெய்ய முடியாது. ‘எல்லாம் இரும்புதான், பேதம் பார்க்காதே’ என்கிற மெக்கானிக்கிடம் யாராவது வண்டியை விடுவோமா?

நமக்குள்ளேயும் தேய்மானம் ஒரே அளவில் இல்லை. அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்து 2009-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது அப்படி அளந்து பார்த்த காரியம். அதை எதிர்த்த நம்மவர்களும் இந்த இடத்தில் யோசிக்க வேண்டும். அடுத்தவன் தேய்வை அளக்க மறுக்கிறவன், தன் தேய்வுக்கு நியாயம் கேட்பது எப்படி?

பெயரும் அப்படித்தான். 1922-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை விட்டு ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. அடுத்தவன் அச்சில் வார்த்த பெயரைத் தள்ளி, நாமே நம் பட்டறையில் குத்திக்கொண்ட எண் அது.

ஆகவே அடையாளம் காண்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. எதைப் பார்த்து, எதற்காக, யார் காண்கிறார்கள் என்பதுதான் விவகாரம். பழைய பந்தய எஞ்சினைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறவர்கள் கம்பெனி பெயரையும் ஓட்டியவர் பெயரையும் எழுதட்டும். அதை ராவியவர், கடைந்தவர், மரை பார்த்துச் சொன்னவர் பெயரையும் சேர்த்து எழுதாதவரைக்கும் அந்தச் சாமான் இன்னும் அடையாளம் காணப்படவில்லை என்றே நாம் சொல்வோம். அந்தப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு எழுதுவது நம் மாணவர்கள் செய்யக்கூடிய வேலை. தள்ளிப்போட நேரமில்லை.