வாசலை மறித்து நிற்பவர்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. இந்தத் தடத்தில் காலை நேர வண்டிகளில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. வாசலில் ஆட்கள் பிதுங்கி நிற்பார்கள். இரண்டு மூன்று பேர் படியில் தொங்குவார்கள். உள்ளேயோ, இருக்கைகளுக்கு நடுவில் நாலு பேர் நிற்கும் அளவுக்கு இடம் சும்மா கிடக்கும்.

தொங்குகிறவரைத் திட்டுவது எளிது. ஆனால் உள்ளே இடம் இருக்கும்போது அவர் ஏன் வெளியே தொங்குகிறார் என்று கேட்டால், பழி வேறு பக்கமும் திரும்ப வேண்டியிருக்கும்.

முதலில் தொங்குகிறவர் தரப்பைக் கேட்போம். "என் உயிர், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார் ஒருவர். "இந்த வண்டியை விட்டால் அரை நாள் சம்பளம் போச்சு" என்பார் இன்னொருவர். இரண்டாமவர் சொல்வதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நேரம் தவறினால் கூலி வெட்டப்படும் வேலையில் இருப்பவருக்கு அடுத்த வண்டி என்பது உண்மையிலேயே ஒரு செலவு. அவரையும், காலி வண்டியில்கூடக் காற்றுக்காகவும் கைதட்டலுக்காகவும் தொங்குகிற இளைஞனையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது.

முதலாமவரின் வாதம் நிற்காது. அவர் விழுந்தால் அது அவரோடு முடிந்துவிடுவதில்லை. வேகமாகப் போகும் மின்சார ரயில் பிரேக் போட்ட இடத்தில் நிற்பதில்லை, சில நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஒருவர் விழுந்தது தெரிந்தாலும் ஓட்டுநரால் உடனே எதுவும் செய்ய முடியாது. நடந்ததை மறக்கவும் முடியாது. தண்டவாளத்தில் கிடப்பதை எடுத்து அப்புறப்படுத்த ஒரு தொழிலாளி வர வேண்டும். விசாரணை எழுத ஒரு காவலர் வர வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்ல யாரோ ஒருவர் தொலைபேசியை எடுக்க வேண்டும். இவர்களில் யாரும் அந்த ஆபத்துக்குச் சம்மதித்தவர்கள் இல்லை. பொது இடத்தில் தன் உயிரைப் பணயம் வைப்பவர், மற்றவர்களையும் கேட்காமலே அந்தப் பணயத்தில் சேர்த்துவிடுகிறார்.

இனி, யாருமே குறைசொல்லாத அந்த மூன்றாம் ஆளைப் பார்க்க வேண்டும். அவர் படியில் தொங்கவில்லை. எந்த விதியையும் மீறவில்லை. வாசலுக்கு உட்புறம், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓரமாக நிற்கிறார். கேட்டால் காரணம் வைத்திருப்பார்: காற்று வரும், இன்னும் மூன்று நிலையத்தில் இறங்க வேண்டும், உள்ளே போனால் திரும்ப வெளியே வர விடமாட்டார்கள். இந்தக் கடைசிக் காரணத்தில் உண்மை இருக்கிறது. உள்ளே போனவர் இறங்க முடியாமல் அடுத்த நிலையம் வரை போவது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அவரை இறங்க விடாமல் தடுப்பது யார்? அவரைப் போலவே வாசலில் நிற்கும் இன்னும் பத்துப் பேர்தான். ஒவ்வொருவரும் மற்றவருக்குப் பயந்து வாசலில் நிற்கிறார்கள். அந்தப் பயத்தை உண்டாக்குகிறவர்களும் அவர்களே.

விளைவு கடைசியாக ஏறுகிறவர் தலையில் விழுகிறது. கிண்டியிலோ மாம்பலத்திலோ ஓடிவந்து கம்பியைப் பிடிப்பவருக்கு ஒரு கால் வைக்கத்தான் இடம் கிடைக்கிறது. முன்னால் ஏறிய பத்துப் பேரின் சிறிய சிறிய வசதிகள் சேர்ந்து, பதினோராவது ஆளின் உயிராபத்தாக மாறுகின்றன. தவறு செய்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர். அதனால்தான் செய்பவருக்குத் தான் செய்தது தவறு என்றே தோன்றுவதில்லை. வரிசையில் நிற்பது, இறங்குகிறவருக்கு வழிவிடுவது, ஏறியதும் உள்ளே நகர்வது ஆகியவற்றை நாகரிகம் என்றும், படியில் தொங்காதிருப்பதைப் பாதுகாப்பு என்றும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ரயில் பெட்டியில் அப்படிப் பிரிக்க முடியாது. ஒருவர் மரியாதை தவறினால் இன்னொருவர் கால் தவறுகிறது.

2018 ஜூலை 24 காலை, பரங்கிமலை நிலையத்தில் நடந்ததை இந்நகரம் மறந்திருக்காது. மின்கம்பி அறுந்து ரயில் சேவை குலைந்திருந்தது. நிலையங்களில் கூட்டம் தேங்கி நின்றது. திருமால்பூர் சென்ற மின்சார ரயில் விரைவு வண்டிகளுக்கான பாதையில் திருப்பிவிடப்பட்டது. அந்தப் பாதையை ஒட்டிய கான்கிரீட் தடுப்புச் சுவரில், படியில் தொங்கி வந்தவர்கள் மோதி விழுந்தார்கள். உயிர்கள் போயின. அன்று தொங்கியவர்களை விளையாட்டுத்தனமாக நடந்தவர்கள் என்று குற்றம் சாட்டுவது கொடுமை. அங்கே ரயில்வேக்குப் பெரும் பொறுப்பு இருந்தது. தினமும் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே, அவர்கள் உடல் உரசும் தூரத்தில் சுவரை நிற்கவிட்டது அலட்சியம்.

சட்டம் இந்த இடத்தில் நம்மைவிட நிதானமாக யோசித்திருக்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 156ஆம் பிரிவு, படியிலோ கூரையிலோ பயணம் செய்பவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 500 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. ஆனால் ரயில்வே ஊழியர் எச்சரித்த பிறகும் ஒருவர் கேட்காவிட்டால்தான் அது குற்றம். முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் தண்டனை. அதேபோல், ஓடும் ரயிலின் திறந்த வாசலில் நிற்பது கவனக்குறைவாக இருக்கலாம், அதற்காக இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. தவறு செய்தவர் என்பதால் ஒருவருடைய உயிரின் மதிப்பு குறைந்துவிடாது. விபத்துச் செய்தியைப் படித்ததும் "தொங்கினால் இப்படித்தான்" என்று சொல்லிக் கடந்து போகும் வழக்கத்தை நாம் விட்டுவிடுவது நல்லது.

கதவு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கருத்து உண்டு. 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் தானியங்கிக் கதவுகளோடு குளிர்சாதன மின்சார ரயில் வந்தது. அதில் தொங்க முடியாது. ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியில் 5 ரூபாய். மூடிய கதவு ஏழு மடங்கு காசு உள்ளவருக்கு மட்டும் என்றால், அதைப் பாதுகாப்பு என்று பெருமை பேச முடியாது. சாதாரண வண்டிகளுக்கும் கதவு வர வேண்டும், நெரிசல் நேரத்தில் வண்டிகள் கூட வேண்டும். இதைக் கேட்பது பயணிகளின் உரிமை.

ஆனாலும் கதவு வந்தால் மட்டும் போதாது. மெட்ரோ ரயிலில் கதவு இருக்கிறது, யாரும் தொங்குவதில்லை. அங்கும் இறங்குகிறவர் இறங்கும் முன்பே முண்டியடித்து ஏறுகிறார்கள். நடுவில் இடமிருக்க வாசலிலேயே நிற்கிறார்கள். கதவு உயிரைக் காப்பாற்றுகிறது, ஆனால் உள்ளே நகர்ந்து நிற்கப் பழக்குவதில்லை.

தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பதையும், வேறு வழியில்லாமலா விளையாட்டுத்தனமாகவா என்ற இதே அளவுகோலால் பார்க்கலாம். முழங்கால் வலியோடு மேம்பாலப் படி ஏற முடியாத மூதாட்டிக்கு மின்தூக்கி தர வேண்டியது நிர்வாகத்தின் கடன். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, இரண்டு நிமிடம் மிச்சப்படுத்தக் குறுக்கே இறங்கும் இளைஞருக்கு அந்தச் சாக்குப் பொருந்தாது.

கல்லூரி மாணவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. "ரூட்டு தல", அதாவது அந்தத் தடத்தில் வரும் மாணவர்களுக்குத் தலைவன், என்ற பட்டத்துக்காகப் பேருந்துப் படியிலும் ரயில் வாசலிலும் தாளம் போட்டுக்கொண்டு தொங்கும்போது, உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்களும் முதியவர்களும் உங்களைப் பார்த்து வியப்பதில்லை. பயப்படுகிறார்கள். 2012 டிசம்பரில் பெருங்குடியில் பேருந்தின் படியில் பயணம் செய்த பள்ளி மாணவர்கள் நால்வர் இறந்தார்கள். அவர்களும் தினமும் பத்திரமாக வீடு திரும்பியவர்கள்தான்.

இதில் பேசாமல் இருப்பவருக்கும் பங்கு உண்டு. பெட்டிக்குள் நூறு பேர் இருக்க, "கொஞ்சம் உள்ளே போங்க சார், பின்னால ஆள் தொங்குறாங்க" என்று ஒரு குரல் வந்தால் பெரும்பாலும் கூட்டம் நகர்கிறது. முணுமுணுப்பு வரும், சில நேரம் முறைப்பும் வரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தொங்குகிறவரின் கையைப் பிடித்து இழுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. நாளை காலை வண்டி ஏறும்போது நீங்கள் இரண்டடி உள்ளே தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் நிற்பவரையும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.