தேவையைத் தீர்மானிப்பவர் யார்?

எந்தப் பயிற்சித் திட்டத்தை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே இரண்டு கட்டங்கள் இருக்கும்: கற்பவரின் தேவை, கற்பித்தலின் நோக்கம். முதலாவதை நிரப்பினால் இரண்டாவது தானாகவே வந்துவிடும் என்பது அந்தத் துறையின் நம்பிக்கை. இருக்க வேண்டிய திறனிலிருந்து இருக்கும் திறனைக் கழி, மிஞ்சுவது தேவை. கணக்கில் பிழையில்லை. இருக்கும் திறனைத் தேர்வு வைத்துக் கண்டுவிடலாம். இருக்க வேண்டிய திறனை எந்தத் தேர்வு காட்டும்? அது கற்பவரைப் பார்த்து எடுத்த அளவு அல்ல. அவர் யாராக ஆக வேண்டும் என்று வேறொருவர் முன்பே செய்துவிட்ட முடிவு. ஆக, தேவையிலிருந்து நோக்கம் பிறப்பதாகச் சொல்லிக்கொண்டாலும், நடப்பது தலைகீழ்: நோக்கத்தை வைத்துத்தான் தேவையே உண்டாகிறது. இதை ஒப்புக்கொண்டால், தேவை ஆய்வு என்பது வெறும் தொழில்நுட்பம் அல்ல, ஒரு மனிதருக்கு எது நன்மை என்று தீர்ப்புச் சொல்லும் அறக்கேள்வி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

இத்துறையின் முன்னோடிகளுக்கு இது தெரியாமல் இல்லை. பாடத்திட்ட வடிவமைப்பின் அடிப்படை நூலை 1949-ல் எழுதிய ரால்ஃப் டைலர், நோக்கங்களை மூன்று இடங்களிலிருந்து திரட்டச் சொன்னார்: கற்பவர், சமகால வாழ்க்கை, பாட வல்லுநர்கள். திரட்டியதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் இரண்டு சல்லடைகளில் சலிக்கவும் சொன்னார். ஒன்று உளவியல், மற்றது தத்துவம். எது நல்ல வாழ்வு என்ற கேள்விக்கு அவர் திட்டத்துக்குள்ளேயே இடம் இருந்தது. 1962-ல் ராபர்ட் மேகர், கற்பவர் என்ன செய்து காட்ட வேண்டும், எந்தச் சூழலில், எந்த அளவுக்குச் சரியாக என்று ஒவ்வொரு நோக்கத்தையும் எழுதும் முறையைக் கொடுத்தார். அந்த முறை கைக்கு எளிதாக இருந்ததால் பயிற்சிக் கூடங்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. தத்துவச் சல்லடையைத்தான் யாரும் தேடவில்லை.

நம் மரபு இந்தக் கேள்வியை வேறு வழியில் சந்தித்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், ஒரு நூலுக்கு முன்னால் சொல்ல வேண்டியவற்றில் அதைக் கேட்பதற்கு உரியவர் யார், அதனால் விளையும் பயன் என்ன என்ற இரண்டையும் சேர்க்கிறது. மாணவர் எப்படி வாங்கிக்கொள்வார் என்று அறிந்து, அவர் உள்ளத்தில் பதியும்படி ஆசிரியர் பாடம் சொல்ல வேண்டும் என்கிறது. இன்றைய பயிற்சியாளர் எவரும் இதை மறுக்க மாட்டார். அதே பாயிரம்தான் பாடம் சொல்லக்கூடாதவர்கள் என்று ஒரு பட்டியலும் தருகிறது. கள்வன், சினத்தவன் ஆகியோரோடு நோயாளியும் மந்த அறிவுள்ளவனும் அதில் இருக்கிறார்கள். கற்பவரை ஆராயும் கண் ஒன்றுதான். அது வழியும் காட்டுகிறது, வாசலையும் சாத்துகிறது.

வேதாந்தத்தில் இந்த முரண் இன்னும் கூர்மையாகத் தெரியும். அங்கே ஒரு நூலின் முகப்பில் நான்கைச் சொல்ல வேண்டும்: அதிகாரி, விஷயம், சம்பந்தம், பிரயோஜனம். யாருக்கு, எது, எதனால் பொருந்துகிறது, என்ன பயன். அதிகாரிக்குரிய தகுதிகளில் ஒன்று முமுட்சுத்துவம், அதாவது விடுதலை வேண்டும் என்ற வேட்கை. வெளியிலிருந்து யாரும் ஊட்ட முடியாத, கற்பவரே கொண்டுவர வேண்டிய தகுதி அது. கற்பவரின் விருப்பத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்த மரபு, சூத்திரருக்கு வேதக் கல்வி உண்டா என்ற கேள்வி வந்ததும் கை விரித்துவிட்டது. பிரம்ம சூத்திரத்தின் அந்தப் பகுதிக்கு உரை எழுதிய சங்கரர், விருப்பம் மட்டும் போதாது, ஆற்றலும் வேண்டும் என்கிறார். சாத்திர விஷயத்தில் சாத்திர வழியில் வந்த ஆற்றலே செல்லும். அது வேதம் ஓதி வருவது. ஓதுவதற்கோ அவர்களுக்கு அனுமதியில்லை. கற்பிக்காததால் தகுதியில்லை, தகுதியில்லாததால் கற்பிப்பதற்கில்லை. சங்கரரின் தர்க்கத் திறனை வியக்கிறவர்கள்கூட இந்த வட்டத்துக்குள் கொஞ்சம் நெளியத்தான் வேண்டும்.

பழங்கதை என்று தள்ள முடியாதபடி, சென்னை மாநிலம் இதே வட்டத்தை 1953-ல் சுற்றிப் பார்த்தது. இராஜாஜி அரசின் தொடக்கக் கல்வித் திட்டம் கிராமப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை ஏறக்குறைய மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மீதிப் பொழுதில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கும். இதற்குச் சொன்ன காரணங்களை இன்று படித்தாலும் தேவை ஆய்வு அறிக்கை போலவே இருக்கும்: கட்டடம் போதாது, ஆசிரியர் போதாது, ஒரே பள்ளியை இரண்டு முறை வைத்து நடத்தினால் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாம், கைத்தொழிலுக்கும் மதிப்பு வரும். இவை பொய்க் காரணங்கள் அல்ல. ஆனால் சவரத் தொழிலாளியின் மகனுக்குக் கத்தி பிடிக்கும் தேவை இருக்கிறது என்பது, அவன் சவரத் தொழிலாளியாகத்தான் ஆவான் என்று முடிவு கட்டிய பிறகே உண்மையாகும். எதிர்த்தவர்கள் இதைக் குலக்கல்வித் திட்டம் என்றார்கள். 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது.

கற்பவருக்கே தம் தேவை தெரியாதே, அவரைக் கேட்டு என்ன பயன் என்பது இதற்கு வரும் வலுவான மறுப்பு. மருத்துவம் படிக்க வருகிறவரிடம் உடற்கூறு வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. நோயாளியின் உயிர் அதில் இருக்கிறது. பிளேட்டோவின் மேனோ உரையாடல் இதையே புதிராகப் போடுகிறது: தெரியாத ஒன்றை ஒருவர் எப்படித் தேடுவார்? சாக்ரடீஸ் ஓர் அடிமைச் சிறுவனை வரவழைத்துத் தரையில் சதுரம் வரைகிறார். பக்கம் 2 அடி, பரப்பு 4. இதைப்போல் இரு மடங்கு பரப்பு வேண்டுமானால் பக்கம் எவ்வளவு? பக்கத்தையும் இரு மடங்காக்கு என்கிறான் பையன், தயக்கமே இல்லாமல். 16 வருகிறது. சரி, 3 என்கிறான். 9 வருகிறது. அப்போதுதான் தெரியவில்லை என்கிறான். பாடம் தொடங்குமுன் வினாத்தாள் கொடுத்திருந்தால் 'தெரியும்' என்றே குறித்திருப்பான். அவன் தேவை பாடத்தின் நடுவில் பிறந்தது. மறுப்பில் பாதி இதனால் உறுதியாகிறது: முன்கூட்டிக் கேட்டுப் பயனில்லை. மறு பாதி உடைகிறது: முன்கூட்டி வேறொருவர் முடிவு செய்யவும் முடியாது. (அந்தப் பையனுக்கு வடிவக்கணிதம் வேண்டுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை. எசமான் கூப்பிட்டார், வந்து நின்றான்.) மருத்துவ மாணவருக்கு வருவோம். உடற்கூறு அவருக்குக் கட்டாயம்தான்; ஆனால் மருத்துவராவது என்ற நோக்கம் அவர் தேர்ந்தது. 1953-ன் பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வு கிடைக்கவில்லை.

நோக்கத்தை இப்படித் திறந்தே வைத்தால் எதை வைத்து மதிப்பிடுவது, ஆசிரியரின் மனம்போன போக்குக்கு விட்டதாகாதா என்று அடுத்து கேட்பார்கள். அளக்கட்டும், அதில் குற்றமில்லை. அளவுகோலைப் பாதி வழியில் கற்பவர் திருத்தினால் திட்டம் அதற்கு இடம் தருகிறதா என்பதே கேள்வி. புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறிவு என்றால் எழுத்தும் எண்ணும் என்பதே வழக்கமான கணக்கு. அங்கே பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். விவசாயக் கூலிகளும் கல்லுடைக்கும் பெண்களும் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போகலாம், பேருந்துக்குக் காத்துக் கிடக்க வேண்டாம், யாரையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்க வேண்டாம். எழுத்துத் தேர்வின் மதிப்பெண் பட்டியலில் இவற்றுக்குக் கட்டம் கிடையாது. நோக்கங்களை முதல் நாளே பூட்டிவைத்த மதிப்பீட்டாளர் கையில் அந்தத் திட்டம் போயிருந்தால், சைக்கிளுக்குச் செலவான நேரத்தைப் பாடம் விலகிய நேரம் என்று எழுதியிருப்பார்.